ஜல்லிக்கட்டு முடிந்து கேமரா கொண்டுவருகிறவர்களுக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தை பிறந்து பத்து நாள் ஆகிவிட்டால் எங்கள் சர்வீஸ் மேஜையில் கேமராக்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். மதுரையில் கடை வைத்துக்கொண்டு இதற்கு அலுத்துக்கொள்ள முடியாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் நின்று படம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வானம் வருகிற படத்திலெல்லாம் ஒரே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு தெரியும். உடனே போன் வரும்: "அண்ணே, சென்சார் போச்சு போல." லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதிவு செய்கிற அந்தச் சென்சாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, தூசிதான். ஆனால் அந்தப் பதற்றத்தில் சிலர் கையில் கிடைத்ததை வைத்துத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் எங்களிடம் வருகிறார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில், தூசி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். சென்சாருக்கு மேலே கண்ணாடி மாதிரி ஃபில்டர் அடுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பது அதுதான். சென்சார் இருக்கும் இடத்தைப் பார்த்தால் பளபளவென்று தெரிவதும் அதுதான். தூசி அதன் மேல்தான் விழுகிறது, சென்சாரைத் தொடுவதே இல்லை. அங்கிருந்து தன் நிழலைச் சென்சார் மேல் போடுகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சாரின் 36 மி.மீ. அகலத்துக்குள் 6000 பிக்சல் இருக்கிறது, அதாவது ஒரு பிக்சல் 6 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு தலைமுடி விழுந்தால் பத்துப் பிக்சலுக்கு மேல் மறைக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"நேற்று எடுத்த போர்ட்ரெய்ட்டில் இல்லை, இன்றைக்கு எடுத்த கோபுரத்தில் மட்டும் எப்படி வந்தது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். நேற்றும் இருந்திருக்கும். ட்யூப் லைட்டுக்குக் கீழே கையை நீட்டினால் தரையில் விழும் நிழல் மங்கலாகத்தான் இருக்கும், அதையே டார்ச் வெளிச்சத்தில் நீட்டினால் விளிம்பு வெட்டினாற்போல விழும். எஃப் 2.8-இல் லென்ஸ் அகலத் திறந்திருப்பதால் வெளிச்சம் பல பக்கத்திலிருந்து வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். எஃப் 11, எஃப் 16 என்று மூட மூட வெளிச்சம் குறுகி, நிழல் இறுகிக் கருப்பாகிவிடும். கல்யாணம் மட்டும் எடுக்கிறவருக்கு மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும் தூசி, அவரே ஒருநாள் யானைமலையை எஃப் 16-இல் எடுத்தால் வரிசையாகப் பல்லைக் காட்டும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். அபெர்ச்சர் எஃப் 16 அல்லது எஃப் 22, ஐ.எஸ்.ஓ. 100, ஃபோகஸை மேனுவலில் போட்டு வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள். வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். வீட்டுக்குள் ஷட்டர் மெதுவாகி அரை விநாடிக்கு இறங்கும், பரவாயில்லை, அந்த அரை விநாடியும் கேமராவை ஆட்டிக்கொண்டே எடுங்கள், சுவரில் இருக்கும் அழுக்கு இழுபட்டு மறைந்துவிடும், சென்சார் மேல் இருக்கிற தூசி மட்டும் இடம் மாறாமல் நிற்கும். பொட்டு படத்தில் மேலே இருந்தால் சென்சாரில் கீழே தேடுங்கள், பிம்பம் தலைகீழாக விழுகிறது இல்லையா. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இடது வலது மாறாது, மேல் கீழ் மட்டும்தான் மாறும்.

சரி, உள்ளே எப்படிப் போகிறது? லென்ஸ் மாற்றும்போது காற்று அடித்துப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஜல்லிக்கட்டில் அது உண்மை. மாடும் ஆளும் விழுந்தால் அடிபடாமல் இருக்க வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நார் பரப்பியிருப்பார்கள், நூறு மாடு ஓடியபின் அதில் இருக்கும் துகள் மொத்தமும் காற்றில்தான் மிதக்கும். இந்த வருடம் வந்த ஒரு கேமராவை விளக்கு வைத்த லூப்பில் (பூதக்கண்ணாடியில்) பார்த்தபோது, ஃபில்டரின் ஓரத்தில் ஒரு நார் சுருண்டு, பழுப்பு நிறத்தில் தேள் கொடுக்கு மாதிரி கிடந்தது. அதைச் சுற்றி மணல், சீனி சிந்தினாற்போல மின்னிக்கொண்டு. அந்த இடத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது என்போம். இரண்டு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) இருந்தால் ஒன்றில் 70-200 லென்ஸ், ஒன்றில் 24-70 லென்ஸ் என்று காலையிலேயே மாட்டிவிட்டு, சாயங்காலம்வரை கழற்றாதீர்கள். ஒரு பாடிதான் என்றால் ஒரு ஜூமோடு ஓட்டுங்கள், முடியவே இல்லையென்றால் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. காற்றையும் நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

மற்ற நாட்களில் எங்கள் சந்தேகம் காற்றின் மேல் இல்லை, ரியர் கேப்பின் மேல்தான். லென்ஸின் பின்பக்கத்து மூடி பேன்ட் பாக்கெட்டில் பஞ்சோடும் சில்லறையோடும் கிடக்கிறது, அதையே எடுத்து லென்ஸில் திருகுகிறோம், அதிலிருக்கும் பஞ்சு லென்ஸின் பின்பக்கத்தில் ஒட்டுகிறது, அடுத்த தடவை அந்த லென்ஸை பாடியில் மாட்டும்போது நாமே கொண்டுபோய் உள்ளே விட்ட கதைதான். இதற்குக் காசில்லாத வழி, லென்ஸ் மாட்டியவுடன் பாடி கேப்பையும் (பாடியின் வாய்க்குப் போடும் மூடி) ரியர் கேப்பையும் ஒன்றோடொன்று முகம் பார்த்துத் திருகிவிடுவது. உட்பக்கம் இரண்டும் மூடிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பையின் அடியில் சேரும் மண்ணை மாதத்துக்கு ஒருமுறை வேக்குவம் கிளீனரில் இழுத்துவிடுங்கள், பிஸ்கட் தூள் வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறோம்.

மாற்றும் விதம் இவ்வளவுதான்: பவரை அணையுங்கள். மாட்டப்போகிற லென்ஸின் மூடியை அரைத்திருகலில் தளர்த்திப் பக்கத்தில் தயாராக வையுங்கள், பாடியைக் கழுத்து வாரில் தொங்கவிட்டு வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, பழையதைக் கழற்றிப் புதியதை உடனே மாட்டுங்கள். பேசிக்கொண்டே செய்யாதீர்கள். கல்யாண மேடையில் என்றால் ஹோமப் புகைக்கும் மின்விசிறிக்கும் முதுகைக் காட்டி நில்லுங்கள், அட்சதை தூவுகிற நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

மிரர்லெஸ், அதாவது உள்ளே மிரர் (கண்ணாடி) இல்லாத கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. மிரர் உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் சென்சாருக்கு முன்னால் மிரரும் ஷட்டரும் இருக்கும், மிரர்லெஸ்ஸில் பல மாடல்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். 2018-இல் வந்த கேனான் இ.ஓ.எஸ். ஆர் பவரை அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும், சோனி ஏ7 நான்கில் மெனுவில் போய் அதை ஆன் செய்ய வேண்டும், நிக்கான் இசட்9-இல் திரை மாதிரி ஓடும் ஷட்டரே கிடையாது, அதற்குப் பதில் தனியாக ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாடலில் இருந்தால் ஆன் செய்து வையுங்கள். ஆனால் அந்த ஷட்டர் திரை மிக மெல்லியது, விரல் பட்டால் போச்சு, சுத்தம் செய்வதைவிட அது பெரிய செலவு.

கேமராவே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி 2003-இல் ஒலிம்பஸ் இ-1-இல் வந்தது, அதிவேக அதிர்வில் தூசியை உதறிவிடும். இன்று பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. காய்ந்த தூசிக்கு நல்லது. ஈரத்தோடு ஒட்டியதற்கு உதவாது. ஏ.சி. மண்டபத்திலிருந்து வெளியே வெக்கையில் வந்ததும் கேமரா வியர்க்கும் பாருங்கள், அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் தூசி பசை வைத்தாற்போல ஒட்டிவிடும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு அப்புறம் திறங்கள்.

இப்போது எங்களுக்கு வருத்தம் தருகிற விஷயம். மேலூர்ப் பக்கம் கல்யாணம் எடுக்கும் தம்பி ஒருவர், மூன்று பொட்டு தெரிகிறது என்று மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை விரலில் சுற்றித் துடைத்திருக்கிறார். துணிக்கடியில் ஒரு மணல் மாட்டிக்கொண்டது. லூப்பில் பார்த்தால் ஒரு கோடு, விரல் போன வழியிலேயே வளைந்து, கடைசியில் சற்று ஆழமாக. மூன்று பொட்டும் ப்ளோயரில் (காற்று ஊதும் ரப்பர் பந்து) ஊதினாலே போயிருக்கும், இந்தக் கோடு போகாது. இப்படியானால் பெரும்பாலும் சென்சார் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள், அந்தச் செலவுக்குப் பழைய பாடி ஒன்று வாங்கிவிடலாம்.

அதனால் வீட்டில் ப்ளோயர் மட்டும் போதும், ரப்பர் பந்து மாதிரி இருப்பது. வெளியே இரண்டு அழுத்து அழுத்தி அதன் தூசியைத் தள்ளிவிட்டு, கேமராவின் வாய் கீழே பார்க்கப் பிடித்து, மூக்கை உள்ளே நுழைக்காமல் ஊதுங்கள். டி.எஸ்.எல்.ஆர். என்றால் மெனுவில் மேனுவல் கிளீனிங் போட்டு மிரரைத் தூக்கியபின், பேட்டரி முழுதாக இருக்கும்போது மட்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பங்க்சர் கடைக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் வரும், இதைச் செய்துவிட்டு வந்தவர்களும் உண்டு. டப்பாவில் அடைத்த ஏர் ஸ்ப்ரேயும் வேண்டாம், சாய்த்துப் பிடித்தால் திரவமாகவே துப்பும். ஸ்வாப், அதாவது சென்சார் துடைக்கும் பட்டைக் குச்சி, போடுவது உங்களுக்குக் கைவந்தால் செய்யுங்கள், ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சின்ன சென்சாரான ஏ.பி.எஸ்.-சிக்கு 16 மி.மீ., சென்சார் துடைக்கும் திரவம் இரண்டு சொட்டு, ஒருமுறை இழுத்த ஸ்வாப்பை மறுபடி தொடாதீர்கள். கைவராதவர்கள் எங்களிடம் விடுங்கள்.

கொண்டுவரும்போது பாடியோடு லென்ஸ்களையும் எல்லா மூடிகளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், குற்றவாளி பாதி நேரம் அங்கேதான் இருக்கிறான். பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. ஒன்றிரண்டு பொட்டுதான் என்றால் எடிட்டிங்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள், அவசியமில்லாமல் ஃபில்டரைத் தொடுவது எங்களுக்கும் பிடிக்காது. சுத்தம் செய்தால் முன்னும் பின்னும் ஒரு சோதனைப் படம் உங்கள் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டுவோம். பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள், தை முடியும்வரை கூட்டம் இருக்கும், காலையிலேயே வந்தால் நல்லது. பாடி கேப்பைத் தொலைத்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கல்லாப் பக்கத்து டப்பாவில் பழையது நிறையக் கிடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கேமரா சர்வீஸ் கடைக்காரர்கள்
மதுரை