செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன வருடம் இதே இடத்தில் நின்று, "போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை மையத்தை விரிவுபடுத்தப் போகிறோம்" என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டாவது மையம் இன்னும் திறக்கவில்லை. ஆனால் இருக்கிற மையத்தின் கதவு இப்போது காலை ஆறரைக்கே திறக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் இந்த ஆண்டின் பெரிய விஷயம்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் நடத்துவது ஓ.எஸ்.டி. மையம், அதாவது ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகைப் போதைப்பொருள்) பழக்கத்துக்கான மாற்று மருந்துச் சிகிச்சை மையம். பிரவுன் சுகரோ வலி மாத்திரையோ ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு, அதற்குப் பதிலாக பியூப்ரினார்ஃபின் மாத்திரை கொடுக்கிறோம். டாக்டர் அளவு எழுதுவார். நர்ஸ் மாத்திரையை நுணுக்கி, அந்தப் பொடியை நாக்குக்கு அடியில் போடுவார். வந்தவர் பெஞ்சில் பேசாமல், எச்சிலை விழுங்காமல், சில நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினால் பதிவேட்டில் கையெழுத்து. தினமும் இதேதான். "போதைக்குப் பதில் அரசாங்கமே போதை கொடுக்கிறதா?" என்று இந்த வருடமும் கேட்டார்கள். இந்த மருந்தின் வேலை ஓர் அளவோடு நின்றுவிடும். உடம்பு நடுக்கமும் ஏக்கமும் அடங்கும், ஆள் வேலைக்குப் போவார். அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 முதல் 2026 வரை. மொத்த ஒதுக்கீடு 15,471.94 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசின் பணம். அந்தக் கடலில் நம்முடையது ஒரு டம்ளர். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, ஓபியாய்டு பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர். டம்ளர் போதுமா என்று நீங்களே பாருங்கள்.

மாத்திரை பொருளாகவே வந்துவிடுகிறது. மானியம் என்பது மாத்திரையைக் கொடுக்கும் கைக்கான காசு: நர்ஸ், கவுன்சிலர், களப்பணியாளர் சம்பளம், வாடகை. அந்தக் காசுதான் இந்த வருடம் நம்மைத் திண்டாட வைத்தது. தவறு நம்முடையது, அதாவது என்னுடையது. மானியத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கான 12-ஏ படிவத்தில் போன வருட மிச்சத்தை வேறு கட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். படிவம் திரும்பி வந்தது. ஆடிட்டர் வெளியூரில். திருத்தி அனுப்பி, இரண்டாம் தவணை கைக்கு வருவதற்குள் நர்ஸுக்கும் கவுன்சிலருக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. தலைவர் தன் சீட்டுப் பணத்தைக் கொடுத்துச் சமாளித்தார். ஒரு நாள்கூட மையத்தைப் பூட்டவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த நர்ஸ் அக்கா, நான் இல்லை. இனிமேல் படிவத்தைப் பொருளாளரும் பார்த்த பிறகே அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

சரி, ஆறரை மணிக்கு வருகிறேன். முன்பு ஒன்பதரைக்குத் திறந்தோம். பதிவு செய்தவர்களில் பலர் பத்து நாளில் நின்றுவிடுவதைப் பார்த்து, 'மனசு வைக்கவில்லை' என்று நாமே எழுதிக்கொண்டிருந்தோம். அப்படி நின்றுபோன ஒருவரை நம் களப்பணியாளர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். நின்றுபோனவர் கொத்தனாருக்குச் சித்தாள். "ஏழரைக்கு முனையில நின்னாத்தாண்ணே கூப்பிடுவாங்க. உங்க மாத்திரை ஓசிதான், ஆனா எனக்கு ஒரு நாள் கூலி போகுது" என்றார். அந்த ஒரு வரி எங்கள் கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்தது. நேரத்தை மாற்ற எழுத்தில் அனுமதி வாங்கினோம். நர்ஸ் காலையும் மாலையுமாகப் பிரித்து வேலை பார்க்கச் சம்மதித்தார். அதற்குக் கூடுதல் சம்பளம் தர மானியத்தில் தலைப்பு இல்லை. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பகுதி நேர நர்ஸ் ஒருவரைக் கேட்டிருக்கிறோம். நின்றுபோனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அந்தச் சித்தாளும் வருகிறார், ஆறு இருபதுக்கே வாசலில் நிற்கிறார்.

இன்னொரு குறை. நம் மானியம் எச்.ஐ.வி. தடுப்புக்கானது. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி. பரவும், எனவே ஊசி போடுபவர்களுக்குத்தான் இங்கே இடம். டாபென்டடால் என்ற வலி மாத்திரையைப் போதைக்காக விழுங்கும் பையன்களை அவர்களின் அம்மாக்கள் கூட்டிவருகிறார்கள். திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். 2025 பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் 25 தொடங்கப்பட்டிருக்கின்றன. இனி அங்கும் அனுப்பலாம். ஆனால் "இங்க இல்லம்மா, வேற இடம்" என்று சொன்ன பிறகு எத்தனை பேர் அந்த வேற இடத்துக்குப் போகிறார்கள் என்பதை யாராவது தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது மையத்துக்கு மூன்று வீடுகள் பார்த்தோம். ஒருவர் முன்பணம் வாங்கி, மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற நிகழ்ச்சிகளான ரத்ததான முகாம், பள்ளிப் பேச்சுப் போட்டி வழக்கம்போல் நடந்தன.

வரவு செலவை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார். வாடகைக்கு இடம் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். தரைத்தளமாக, தண்ணீர் வசதியோடு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்