கையெழுத்துக்கு முன்: பினாங்கின் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு, வணக்கம்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே வரும் நாளுக்கும் தேர்வு முடிவு கைக்கு வரும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் உங்கள் முன்னும் உங்கள் பெற்றோர் முன்னும் பல விண்ணப்பப் பாரங்கள் கையெழுத்துக்காக நீட்டப்படும். அவற்றைப் பற்றி எழுதவே இம்மடல்.

நான் பினாங்கின் பிறை நகரில் வளர்ந்தவன். அப்பா லோரி ஓட்டுநர். தேர்வு முடிந்த மறுமாதமே ஒரு தனியார் கல்லூரியின் முகவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழில் கனிவாகப் பேசி, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, அந்த வாரத்துக்குள் பதிந்துகொண்டால் பதிவுக் கட்டணம் இல்லை என்றார். எனக்கு அப்போது வயது 17 என்பதால் அப்பாதான் அன்றிரவே கையெழுத்திட்டார். முதல் தவணைக் கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஒன்றரை ஆண்டு படித்த பிறகு வேறொரு கல்லூரிக்கு மாற விண்ணப்பித்தபோதுதான், அந்த டிப்ளோமாவுக்கு, உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பான எம்கியூஏ-வின் அங்கீகாரம் இல்லை என்பதை அறிந்தோம். அப்படியொன்றைக் கேட்க வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சங்கிலி திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அம்மா ஒரு நாளும் பேசியதில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே முதலில் இதைக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கல்லூரியாக இருந்தாலும், அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை எம்கியூஏ இணையப் பக்கத்தில் திறந்து, கல்லூரியின் பெயரை மட்டுமல்லாமல் நீங்கள் சேரவிருக்கும் படிப்பின் முழுப் பெயரையும் தேடிப் பாருங்கள். ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருந்து மற்றொன்றுக்கு இல்லாமலும் போகலாம். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன் பணம் கிடைக்கும் என்று சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், அது கடன் என்பதை மறக்காதீர்கள். பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறியவர்கள் அதிலிருந்து விலக்குக் கோரலாம். ஏனையோர் அதைச் சம்பளத்திலிருந்து பல ஆண்டுகள் கட்டித் தீர்க்க வேண்டும்.

அவசரப்படத் தேவையில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம், செலவு குறைந்த வழிகள் நம் மாநிலத்திலேயே இருப்பதுதான். ஆறாம் படிவம் அரசுப் பள்ளியில் மூன்று பருவங்கள், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. வேறு இடம் கிடைக்காதவர்கள் போகும் வகுப்பு அது என்று நம்மவர்கள் சிலர் பேசுவது பெரும் தவறு. ஆறாம் படிவ முடிவில் பெறும் எஸ்டிபிஎம் சான்றிதழைக் கொண்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். கெப்பாளா பத்தாசில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனுக்கு ஒரு கல்லூரி இருக்கிறது. எஸ்பிஎம்மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். பெர்மாத்தாங் பாவிலும் பாலிக் பூலாவிலும் பொலிடெக்னிக்குகள் உள்ளன. நிபோங் தெபாலில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சிக் கழகமோ ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழர் பெயரையே தாங்கி நிற்கிறது. நானும் இறுதியில் அரசுத் தொழிற்பயிற்சி ஒன்றில் சேர்ந்து, மலேசியத் திறன் சான்றிதழைப் படிப்படியாகப் பெற்று, இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். நான் சேர்ந்தபோது வருத்தப்பட்ட உறவினர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளுக்காக என்னிடம் விவரம் கேட்கிறார்கள்.

மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்காது. அதற்காக வீட்டுக்குள் முடங்கிவிடாமல், அந்தத் தாள்களை மறுபடியும் எழுதுங்கள்.

நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு உங்களிடமிருந்து 187 வெள்ளி பிடிக்கப்பட்டால், முதலாளி தம் பங்காக 221 வெள்ளி செலுத்த வேண்டும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி இவ்விரண்டையும் சரிபாருங்கள். தொகையைக் கையில் கொடுத்துச் சீட்டுத் தர மறுக்கும் இடத்தில் நீண்ட நாள் இருக்க வேண்டாம்.

18 வயது நிறைந்தபின் உங்கள் கையெழுத்து உங்களையே கட்டும். மோட்டார் சைக்கிள் தவணை, கைப்பேசித் திட்டம், நண்பனுக்கான ஜாமீன் என எதுவானாலும், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு வாரம் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரைத் தேர்வு முடிந்த பிறகும் போய்ப் பார்க்கலாம், நாங்கள் போகவில்லை. நீங்கள் போகும்போது அப்பாவையோ அம்மாவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை முந்தைய இரவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிறையில் வளர்ந்த உங்கள் அண்ணன்