அளக்க வருகிறவர்களுக்கு, ஓர் ஈராசிரியர் பள்ளியிலிருந்து

பள்ளித் திட்டங்களை மதிப்பிட வரும் அலுவலர்களுக்கும் ஆய்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தை, 2022 ஜூனில் அது தொடங்கிய நாள்முதல் நடத்தி வருகிறேன். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், எதுவரை தெரிந்து வைத்திருக்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பது சரியான வழி என்று மனதார நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

முன்பு ஒருமுறை ஒரு குழு வந்தது. பதினொன்றரைக்கு வந்தவர்கள் பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பாடக்குறிப்பு, துணைக்கருவிகள், செயலியில் ஏற்றிய மதிப்பீடு எல்லாம் கேட்டார்கள், எல்லாம் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எழுப்பிப் படிக்கச் சொன்னார்கள். கணீரென்று ஒரு பக்கம் படித்தாள். பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் வாய் மூன்றாவது வரியைச் சொல்லும்போது விரல் ஐந்தாவது வரியில் இருந்தது. அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். அதிலிருந்தே 'குளம்', 'கொக்கு' என்று இரண்டு சொற்களைக் கரும்பலகையில் தனியாக எழுதிக் கேட்டிருந்தால் தெரிந்துபோயிருக்கும். அதை அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம். அவர்கள் போன பிறகு அவளை உட்கார வைத்து 'கொ'விலிருந்து ஆரம்பித்தேன். ஆனால் அவள் கணக்கில் ஏறியது, படிக்கத் தெரிந்த பிள்ளையாக.

அவள் ஏன் அப்படி நின்றாள்? அந்த மாதம் உடன் பணிபுரியும் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார், அப்புறம் வாக்காளர் பட்டியல் வேலை. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு நான் நிலை பிரித்து நடத்திய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'இன்று நடத்த முடியவில்லை, காரணம் இது' என்று எழுத நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் இடமில்லை. நடத்தியதாக மட்டுமே பதிய முடியும். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு, 'திட்டம் முழுமையாக நடந்தது, பிள்ளைகள்தான் தேறவில்லை' என்று ஒருவர் முடிவுக்கு வந்தால் அவர்மேல் எப்படிக் குறை சொல்வது?

பீகாரில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் நிலைவாரிக் கற்பித்தல் முறையை 2008-இல் அங்கே அரசு ஆசிரியர்கள் ஒரு மாதக் கோடை முகாமில் நடத்தினார்கள். பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. அதே முறை பள்ளி நாட்களுக்குள் வந்தபோது, பயிற்சியும் புத்தகமும் மட்டும் கிடைத்த பள்ளிகளில் குறிப்பிடும்படி பலன் இல்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் முறையே தவறு என்று மூட்டை கட்டியிருப்பார்கள். ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்தபோதுதான், வழக்கமான பாடத்தை முடிக்கும் அவசரத்தில் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கவே இல்லை என்பது தெரிந்தது. அப்புறம் ஹரியானாவில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள் முதலில் தாங்களே பிள்ளைகளுக்கு நடத்திப் பார்த்தார்கள். இந்தி வாசிப்பு முன்னேறியது. கணக்கை அதில் சேர்க்கவில்லை, கணக்கில் மாற்றமும் இல்லை. அங்கே கூடவே சோதித்த, பிள்ளைகளை ஆண்டு முழுவதும் அவ்வப்போது மதிப்பிட்டுப் பதியும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையால் கற்றலில் பலன் தெரியவில்லை. எங்களுக்கும் பழக்கமான முறைதான் அது. ஆசிரியருக்கு எழுத்து வேலை கூடியதுதான் மிச்சம்.

நம் ஊரிலும் நல்ல முன்மாதிரி உண்டு. 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் மாலை வகுப்பு நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, கிராமப்புறத் தமிழ்நாட்டில் 2019-இலேயே பிள்ளைகளின் கற்றலை அளந்து வைத்திருந்த ஆய்வாளர்கள் இருந்தார்கள். கொரோனாவில் எவ்வளவு இழந்தோம், பள்ளி திறந்த பிறகு எவ்வளவு மீண்டோம், அந்த மீட்சியில் மாலை வகுப்புகளின் பங்கு ஏறக்குறைய கால்வாசி என்றெல்லாம் அவர்களால் சொல்ல முடிந்தது. தொடங்குவதற்கு முன்னால் எடுத்த அளவு கையில் இருந்ததால் கிடைத்த விடை அது. எங்களுக்கு வரும் திட்டங்கள் பலவற்றில் அந்த முதல் அளவே இருப்பதில்லை.

ஆகவே தயவுசெய்து, திட்டம் பயன்பட்டதா என்று கேட்பதற்கு முன்னால், அது நடந்ததா, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். நடக்காத நாளைக் குறிக்க ஒரு கட்டம் கொடுங்கள். அதில் எழுதியதற்காக எந்த ஆசிரியரிடமும் விளக்கம் கேட்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் நானும் அன்று நின்றதுபோல் வாய் மூடித்தான் நிற்பேன். பிள்ளைகளிடம் அவர்கள் பார்க்காத பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்களில் ஒருவராவது இரண்டு வாரம் எங்கள் வகுப்பை எடுத்துப் பாருங்கள். ஹரியானாவில் செய்ததுதானே?

முன்னறிவிப்பு வேண்டாம். காலை உணவு நேரத்துக்கே வந்துவிடுங்கள், சாயங்காலம் மணி அடிக்கும்வரை இருங்கள். அந்தப் பெண் இப்போது நான்காம் வகுப்பு. ஒற்றெழுத்துச் சொற்களில் இன்னும் தடுமாறுகிறாள். இந்த முறை நானே அவளை உங்களிடம் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தலைமையாசிரியை