டென்யூர் குழுவில் அமரும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

வணக்கம். நான் பல்கலைக்கழகத்து ஆள் இல்லை. நியூஜெர்சியில் கணினி வேலை, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வாழ்கிறவன். உங்களில் சிலரைத் தமிழ்ச் சங்க விழாக்களில் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு பேசக்கூடிய விஷயம் இல்லை என்பதால் மடலாக எழுதுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துறை அளவிலும், அதற்கு மேலே கல்லூரி, பல்கலைக்கழக அளவிலும் உள்ள டென்யூர் குழுக்களில், அதாவது யாருக்கு நிரந்தர வேலை என்று தீர்மானிக்கும் குழுக்களில், நீங்கள் அமர்கிறீர்கள். இயந்திரப் பொறியியல் பேராசிரியர் ஒருவர் வரலாற்றுத் துறைக்காரரின் கோப்புக்கு வாக்களிக்கிற இடம் அது. அந்த வாக்கைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இந்த ஊர் முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் ஆறாவது ஆண்டில் தீர்ப்பு வரும். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஓராண்டுக்குள் மூட்டை கட்ட வேண்டும். கோப்பில் ஆராய்ச்சி, கற்பித்தல், சேவை என்று மூன்று பகுதிகள் உண்டு. எடை முழுக்க முதல் பகுதியில்தான். மூன்றாவதை யாரும் சரியாகப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று உங்களில் ஒருவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

கறுப்பின அறிஞர் ஒருவர் பொது நூலகத்தில் பேசினாலும், தேவாலயத்தில் தடுப்பூசி பற்றி விளக்கினாலும், லத்தீனோ சமூகவியலாளர் ஒருவர் வாடகைதாரர் சங்கத்துக்கு வழக்குத் தரவுகளைப் பிரித்துப் புரியவைத்தாலும், அந்த உழைப்பு அந்த மூன்றாவது பகுதியில் போய் விழுகிறது. அதை முதல் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வூட்ஸனில் தொடங்குகிறேன். 1875ல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இளைஞனாக மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். மாலையில் தொழிலாளர்கள் அவர் வீட்டில் கூடுவார்கள். வூட்ஸன் அவர்களுக்குச் செய்தித்தாள்களை வாசித்துக் காட்டுவார். கூலியாகத் தின்பண்டம் கிடைக்கும். வாசித்து முடித்ததும் பெரியவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். போரில் கறுப்பின வீரர்கள் என்ன செய்தார்கள் என்று, எந்தப் பாடநூலிலும் இல்லாத கதைகளைச் சொல்வார்கள். அந்தப் பையன் இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்கே போனான். 1912ல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினான். கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸுக்கு அடுத்தபடியாக அங்கே முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர் அவர்தான்.

பட்டம் வாங்கிய பிறகு என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். 1915ல் கறுப்பின வரலாற்றுக்கென்று ஒரு சங்கம், 1916ல் ஓர் ஆய்விதழ். அதோடு நிறுத்தியிருந்தால் உங்கள் குழுவில் பிரமாதமாகத் தேறியிருப்பார். அவர் நிறுத்தவில்லை. 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். இன்று உங்கள் பிள்ளைகள் பள்ளியில் கொண்டாடுகிற வரலாற்று மாதம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த வாரத்துக்காக ஆசிரியர்களுக்குப் படங்களும் நாடகங்களும் பாடக் குறிப்புகளும் அச்சிட்டு அனுப்பினார். 1937ல் பள்ளி ஆசிரியர்களுக்கும் பொதுமக்களுக்கும் என்றே தனியாக ஓர் இதழ் தொடங்கினார். ஆய்விதழும் இதுவும் ஒரே சங்கத்திலிருந்து, ஒரே மனிதரின் மேசையிலிருந்து வந்தவை. இதில் எது ஆராய்ச்சி, எது சேவை? ஜோன்ஸ் வீட்டில் கேட்ட கதைகள்தான் அவருக்கு ஆராய்ச்சிக் கேள்வியையே கொடுத்தன. எளிய மக்களிடம் விளக்கப் போகிறவர் கையில் எதையோ வாங்கிக்கொண்டும் திரும்புகிறார். உங்கள் கோப்பில் இந்தத் திரும்பி வரும் நடைக்குக் கட்டமே இல்லை.

டு பாய்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் ஒரு பகுதி. 1896ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது, கறுப்பின மக்கள் வாழ்ந்த பிலடெல்பியாவின் ஏழாவது வார்டை ஆராயச் சொல்லி. வீடு வீடாக ஏறி இறங்கி ஆயிரக்கணக்கானோரிடம் பேசினார். பாடம் நடத்தும் பேராசிரியர் பதவி மட்டும் கொடுக்கவில்லை. அப்புறம் அட்லாண்டா போனார். 1900 பாரிஸ் கண்காட்சிக்காக அவரும் மாணவர்களும் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய சுமார் அறுபது புள்ளிவிவரப் படங்களை இன்றும் தரவு வரைபடம் போடுகிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் வகுப்பில்கூடக் காட்டியிருக்கலாம். இடையில் 1899ல் ஒரு நாள், ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியின் வழக்கு பற்றி நிதானமாக எழுதிய கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்து போனார். ஹோஸைக் கும்பல் ஏற்கனவே எரித்துக் கொன்றுவிட்டது, அவருடைய விரல் எலும்புகள் ஒரு கடையில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்று வழியில் தெரிந்தது. திரும்பிவிட்டார். விலகி நின்று ஆராயும் விஞ்ஞானியாக மட்டும் இருக்க முடியாது என்ற முடிவுக்குத் தன்னை அந்த நாள் தள்ளியது என்று பின்னாளில் எழுதினார். 1910ல் அவர் தொடங்கிய கிரைசிஸ் இதழ் பத்தே ஆண்டுக்குள் மாதம் லட்சம் பிரதிகளைத் தொட்டது. 1920ல் குழந்தைகளுக்கென்று தனி இதழும் வந்தது.

அம்பேத்கர் 1946ல் இந்த டு பாய்ஸுக்குத்தான் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் சார்பில் ஐ.நா.வுக்குத் தரப்பட்ட மனுவின் படிகளைக் கேட்டார். கொலம்பியாவில் படித்துவிட்டு ஊர் திரும்பி 1920ல் மராத்தியில் பத்திரிகை நடத்திய மனிதருக்கு டு பாய்ஸ் யாரென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வரலாறும் சமூகவியலும்தானே, எங்கள் பக்கம் அப்படி இல்லை என்று பொறியியல்காரர்கள் நினைக்கலாம். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் கறுப்பினத் தாவரவியலாளர். அலபாமாவின் டஸ்கீகி கல்லூரியில் இருந்தார். சுற்றிலும் பருத்தி போட்டுப் போட்டுச் செத்துப்போன மண். கடனில் மூழ்கிய கறுப்பினக் குத்தகை விவசாயிகள். அவர்களால் கல்லூரிக்கு வர முடியாது. எனவே 1906ல் கல்லூரி வண்டியேறியது. கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டி ஒன்றை கார்வர் வடிவமைத்தார்; நியூயார்க் வங்கியாளர் ஜெசப் பணம் கொடுத்ததால் அதற்கு ஜெசப் வண்டி என்று பெயர். பண்ணையிலேயே உழுது காட்டினார்கள். கடலையும் காராமணியும் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும் என்பதை விதைத்துக் காட்டினார்கள். சதுப்பு நிலச் சேற்றை உரமாக்குவது, ஓக் கொட்டையைப் பன்றிக்குத் தீவனமாக்குவது என்று காசில்லாதவன் கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்பதே அவருடைய ஆராய்ச்சிக் கேள்வி. 1916ல் வந்த கடலைச் சிறுநூலில் சாகுபடி முறையோடு 105 சமையல் குறிப்புகள் இருந்தன. ஒரு விஞ்ஞானி சமையல் குறிப்பு எழுதினார் என்று கேட்டால் இன்றைய குழுவில் யாராவது புருவத்தை உயர்த்துவார்கள். கடலை விளைந்தும் வாங்க ஆள் இல்லை என்றால் விவசாயியின் வீட்டிலாவது அது தின்னப்பட வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

மெக்ஸிகோவில் பிறந்த எர்னெஸ்டோ கலார்சா கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றவர். கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்தார். ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட மெக்ஸிகோக்காரர்களிடம் நேரில் பேசி 1956ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பண்ணை முதலாளிகள் கொதித்துப் போனார்கள். அந்த ஒப்பந்த முறை 1964ல் முடிந்ததில் அவர் எழுத்துக்குப் பங்கு உண்டு. பிற்காலத்தில் ஸ்பானிய மொழிச் சிறுவர் புத்தகங்களைத் தானே அச்சிட்டார்.

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். சரி, 2014 ஆகஸ்டுக்கு வருவோம். மிசௌரி மாநிலத்து ஃபெர்குஸனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டபின், ஜார்ஜ்டவுனில் இருந்த வரலாற்றாசிரியர் மார்சியா சாட்லெய்ன், பள்ளி திறக்கும்போது பிள்ளைகளிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது, எதைப் படிக்கக் கொடுப்பது என்று ட்விட்டரில் சக ஆசிரியர்களைக் கேட்டுப் பட்டியல் திரட்டினார். மறு ஆண்டு சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டபோது வேறு மூன்று கறுப்பின வரலாற்றாசிரியர்கள் அதையே செய்தார்கள். அந்தத் தொகுப்பு 2016ல் புத்தகமாகவும் வந்தது. கோவிட் காலத்தில் தடுப்பூசி உருவாக்கிய அரசு ஆய்வுக் குழுவில் இருந்த கிஸ்மெகியா கார்பெட், ஆய்வகத்து வேலையோடு கறுப்பினத் தேவாலயச் சபைகளுக்கும் பேசினார். மக்கள் அவரிடம் கேட்ட கேள்விகளுக்குப் பின்னால், 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமலே வேடிக்கை பார்த்த அரசாங்க ஆய்வு நின்றது. அதுவும் டஸ்கீகியில் நடந்ததுதான். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லத் தடுப்பூசி தெரிந்தால் மட்டும் போதாது, வரலாறும் தெரிய வேண்டும், கேட்பவரின் குரலில் இருக்கும் கோபத்தைத் தாங்கவும் தெரிய வேண்டும். இதைப் பத்து நிமிட உரை என்று கோப்பில் ஒரு வரியாக எழுதினால் அது அநியாயம்.

எங்கள் வட்டார நூலகத்திலேயே நான் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1930களில் அரசு அமைப்பு ஒன்று வீட்டுக் கடனுக்காக ஊர்களை நிறம் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு, அதாவது கடன் கொடுப்பது ஆபத்து. அதைப் பற்றி இளம் கறுப்பின ஆய்வாளர் ஒருவர் பேசினார். பள்ளிக்கூடத்தின் மதிப்பெண்ணைப் பார்த்து வீடு வாங்குகிற நம் ஆட்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். அந்த மதிப்பெண்ணுக்கும் பழைய நிறத்துக்கும் உள்ள தொடர்பை அன்றுதான் தெரிந்துகொண்டோம். கேள்வி நேரத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, நீ காட்டிய தெருவில் கடன் கிடைக்காதபோது நாங்கள் சபைக்குள்ளேயே சீட்டு மாதிரிப் பணம் சேர்த்துத்தான் வீடு வாங்கினோம் அம்மா என்றார். ஆய்வாளர் பேச்சை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார். எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத தகவல் அது.

இப்போது உங்கள் பக்கத்து வாதம். பிரபலமாகப் பேசுகிறவரெல்லாம் அறிஞரா, யூடியூப் பார்வைகளை எண்ணியா வேலை கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பார்வைகளை எண்ணவே கூடாது என்பதுதான் என் கருத்தும். எண்ண ஆரம்பித்தால் சத்தமாகக் கத்துகிறவர் ஜெயிப்பார். மற்ற ஆய்வுகளை எப்படி மதிப்பிடுகிறீர்களோ அப்படியே இதையும் மதிப்பிடுங்கள்: துறை தெரிந்தவர்களிடம் அனுப்புங்கள், அருங்காட்சியகக் காட்சியையும் பாடத்திட்டத்தையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், தவறு இருந்தால் தவறென்று எழுதச் சொல்லுங்கள். வழிகாட்டு நெறி இல்லை என்ற சாக்கும் செல்லாது. அமெரிக்கச் சமூகவியல் சங்கம் 2016லேயே இதற்கென்று அறிக்கை தந்தது. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2023ல் வரலாற்று ஆய்வு என்பதன் எல்லையையே விரித்து நெறிகள் வெளியிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதிமுறைக் கையேட்டில் அவை ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பொதுமக்களுக்குப் புரிய வேண்டுமென்றால் கட்டுரையை இலவசமாக்கினால் போதாதா என்றும் கேட்கலாம். 2022 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையின் அறிவியல் கொள்கை அலுவலகம், அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுகளை வெளிவந்த உடனே இலவசமாகத் திறந்துவிடச் சொல்லி உத்தரவிட்டது. முன்பு ஓராண்டு பூட்டி வைக்கலாம். உத்தரவில் கையெழுத்திட்டவர் அலோண்ட்ரா நெல்சன், கறுப்பினச் சமூகவியலாளர். கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின அரசியல் இயக்கம் நடத்திய இலவச மருத்துவ நிலையங்களைப் பற்றி ஆராய்ந்தவர் என்பதால் எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை. நல்ல காரியம், பெரிய காரியம். ஆனால் கதவு திறந்த பிறகும் உள்ளே இருப்பது துறைமொழி. என்னைப் போன்றவன் சுருக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுவேன். யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

யார் சொல்கிறார்கள் என்பதில்தான் சுமை ஒரே பக்கமாகச் சாய்கிறது. முழுநேரப் பேராசிரியர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்குச் சுமார் 7 பேர், லத்தீனோக்கள் அதைவிடச் சற்றுக் குறைவு. மக்கள்தொகைப் பங்கோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவர் ஏறக்குறைய பாதி, லத்தீனோக்கள் பாதிக்கும் கீழே. ஆசியர்கள் நாம் நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டுகிறோம். ஊரில் பள்ளி, சபை, நூலகம், உள்ளூர் வானொலி எல்லாம் அந்தச் சிலரைத்தான் கூப்பிடுகின்றன. பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு எல்லாக் குழுவிலும் அவர்களைப் போடுகிறது. ஸ்டான்ஃபோர்ட் உளவியலாளர் அமாடோ பதியா 1994ல் இதைப் பண்பாட்டு வரி என்றே அழைத்தார். மறுத்தால் ஊருக்கு உதவாதவர் என்ற பெயர், ஒப்புக்கொண்டால் கட்டுரை எண்ணிக்கை குறையும். பொதுவெளியில் பேசியதற்காக வரும் மிரட்டல் மின்னஞ்சல்கள் தனி.

நமக்கு இதில் என்ன என்று யாராவது முணுமுணுத்தால், அவர்களுக்கு 1965ஐ நினைவூட்டுங்கள். நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம், சிவில் உரிமைச் சட்டம் வந்த மறு ஆண்டில், அதே போராட்ட அலையில் வந்தது. நம்மில் பெரும்பாலோரின் விசா வரலாறு அங்கே தொடங்குகிறது.

கோப்பை மதிப்பிடச் சொல்லி வெளிப் பல்கலைக்கழக அறிஞர்களுக்கு எழுதும் கடிதங்கள் கோடையில்தான் போகும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்பே உங்கள் துறைத்தலைவரிடம் பேசுங்கள். கோப்போடு பாடத்திட்டமும் கண்காட்சிக் குறிப்பும் போகட்டும். அவற்றை மதிப்பிடத் தெரிந்த ஒருவராவது பட்டியலில் இருக்கட்டும். இலையுதிர் காலத்தில் மேல் குழுவில் அந்தக் கோப்பு வரும்போது, இதை ஏன் சேவைப் பகுதியில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். குழு விவாதங்கள் பொதுவாக ரகசியம், உங்கள் பெயர் வெளியே வருவது அரிது.

அன்புடன்,
நியூஜெர்சியிலிருந்து ஒரு நூலக வாசகன்