நாலு காலையும் பார்த்துவிட்டு நட

அக்கராயன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா அயலட்டை முழுக்கக் காட்டிவிட்டார். கறுத்தக் குதிரை, கண்ணை மறைக்கிற நெற்றிமயிர், பக்கத்தில் மழைச்சட்டையோடு நீ. இங்கிலாந்தில் டார்பிஷயரில் தொடங்கி கம்பிரியா வரைக்கும் பென்னைன் மலைப்பாதையில் 330 கிலோமீற்றர் அதோடு போகப்போகிறாய் என்று சொன்ன இரவு எனக்கு நித்திரை வரவில்லை. உன்னை நினைத்துப் பாதி, அதன் கால்களை நினைத்துப் பாதி.

எனக்குக் குதிரை பழக்கமில்லை. நெடுந்தீவில் காடாய்த் திரிகிறவற்றைத் தூரத்தில் நின்று பார்த்ததுதான். ஆனால் வண்டில் மாட்டின் குளம்பு தெரியும். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு லாடம், மொத்தம் எட்டு. கயிறு போட்டு விழுத்திக் கட்டித்தான் அடிப்பார்கள். குதிரைக்குக் காலுக்கு ஒன்று. தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டு கீழே போனால் பழகிய குதிரை தானே காலைத் தூக்கித் தருமாம். அப்படித் தருகிறபோது ஒருநாளும் பார்க்காமல் விடாதே.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2008இல் சண்டையால் இங்கேயிருந்து வெளிக்கிட்டு தருமபுரத்தில் கொட்டில் போட்டு இருந்தோம். உனக்கு எட்டு வயது. கார்த்திகைக் கடைசியில் நிஷா புயல் மழை. மாடு இரண்டும் நாட்கணக்கில் சேற்றிலேயே நின்றன. குளம்பு ஊறி, நகத்தால் கீறினால் அடையாளம் விழுகிற பதத்துக்கு வந்துவிட்டது. தை மாதம் திரும்பவும் சாமானை ஏற்றிக்கொண்டு கிரவல் ரோட்டில் இறங்கினோம். சனநெருக்கம், இருட்டு. இடப்பக்கத்து மாட்டின் லாடம் கழன்றதை நான் காணவில்லை. அது பெரிதாக நொண்டவும் இல்லை. அடிக்கொரு தரம் தலையைத் தூக்கித் தாழ்த்தியது, அவ்வளவுதான். களைப்பு என்று நினைத்துக் கம்பால் தட்டினேன். விசுவமடு தாண்டி நிற்பாட்டிப் பார்த்தால் குளம்பின் அடி தேய்ந்து இரத்தம் கசிகிறது. சாரத்தைக் கிழித்துக் கட்டி, மேலே பழைய ரியூப் துண்டைச் சுற்றினேன். அதற்குப் பிறகும் அது உன்னையும் அம்மம்மாவையும் சுதந்திரபுரம் வரை இழுத்துக்கொண்டு வந்தது. அங்கே அவிழ்த்துவிட்டோம். அந்த ஒரு தட்டு இன்றைக்கும் என் கையில் இருக்கிறது.

நீ போகிற பாதையும் அப்படித்தான் போலத் தெரிகிறது. ஈரப் புல்மேடு, சேறு, அப்புறம் கல். ஊறின குளம்பு கல்லில் கெதியாய்த் தேயும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட வளராது, தேய்ந்ததை வழியில் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே வெளிக்கிட ஒரு கிழமைக்கு முன்பே லாடம் அடித்துவிடு. ஆணி பிழையாய்ப் போயிருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். காலையில் ஒருதரம், தங்குமிடத்தில் ஒருதரம், கல்லுப் பாதை கடந்தவுடன் ஒருதரம் அடியைச் சுரண்டிப் பார். குளம்பு சுரண்டுகிற கொக்கியைக் குதிக்காலிலிருந்து முன்பக்கமாக இழு. நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கிற இடத்தைக் குத்திவிடாதே, அதன் இரண்டு பக்கக் குழியிலும்தான் கல் இறுகும். கறுப்பாய்க் கசிந்து நாறினால் அழுகத் தொடங்கிவிட்டது. உன்னுடைய ஃபெல் இன மட்டக்குதிரைக்குக் கால்மயிர் அடர்த்தி, அதற்குள்ளும் விரலை விட்டுத் தடவு, முள்ளும் சேறும் ஒளிந்திருக்கும்.

பிறகு உள்ளங்கையை நாலு குளம்பிலும் மாறி மாறி வைத்துப் பார். ஒன்று மட்டும் சுட்டால் அன்றைக்கு நடக்க வேண்டாம். நோகிற முன்னங்கால் நிலத்தில் படும்போது குதிரையும் தலையைத் தூக்குமாம். கிளிநொச்சியில் ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டேன், அவர் அதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு ஒருமாதிரிப் போய்விட்டது.

இன்னொன்றும் சொன்னார், மாட்டை வைத்து நான் நினைத்தே பார்க்காத ஒன்று. செழித்த புல் மட்டக்குதிரைக்கு ஆகாதாம். அளவு மிஞ்சித் தின்றால் குளம்புக்குள்ளே வீக்கம் கண்டு நிற்கவே முடியாமல் போகுமாம். முன்னங்கால்களை முன்னுக்கு நீட்டி, பாரத்தைப் பின்னுக்குப் போட்டு நின்றால் உடனே வைத்தியரைக் கூப்பிடு. பாவம் பார்த்து நல்ல புல்லில் இரவு முழுக்க விடாதே.

லாடம் கழன்றால் நீ ஆணி அடிக்கப் போகாதே. அங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலையைப் பதிவுபெற்ற லாடக்காரருக்குத்தான் கொடுத்திருக்கிறது. வழியிலுள்ள லாடக்காரர்களின் போன் நம்பர்களை இப்போதே எழுதி வை. அவர் வரும்வரைக்கும் போட, ஆணியில்லாமல் குளம்பில் மாட்டிக் கழற்றுகிற அளவான குளம்புச் சப்பாத்து ஒன்று பையில் இருக்கட்டும். வீட்டில் ஓரிரு நாள் போட்டு நடத்திப் பார், குதிக்காலில் உராய்ந்தால் அதுவே புண்ணாகும்.

இறக்கத்தில் நீ இறங்கி நட. உன் காலுக்கும் நல்லது.

அம்மா பனங்கிழங்கு அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கிப் பார்சல் கட்டி வைத்திருக்கிறார், அடுத்த கிழமை அனுப்புவோம். குதிரையின் முகம் பார்த்தாகிவிட்டது. வெளிக்கிட முதல் நாலு குளம்பின் அடியையும் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்
அப்பா