அரங்கத்துப் பெரியவருக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

செயின்ட் பால் நகரின் கிழக்குப் பகுதி மக்களுக்கு வணக்கம்.

என் மகன் நேற்று வீடு திரும்பினான். நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு மனமில்லை. வேளை தவறாமல் உணவு கொண்டுவந்தவர்களுக்கும், இளையவளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர்களுக்கும், கேட்காமலேயே எங்கள் வாசலில் குவிந்த பனியை அள்ளி அகற்றியவருக்கும், செவிலியர்களுக்கும், மகனின் ஐஸ் ஹாக்கித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியே எழுத வேண்டும். நம் பனி அரங்கத்தில் பனித்தளத்தைச் சமன் செய்யும் சாம்போனி வண்டி ஓட்டும் பெரியவர், இரவு வேலைக்குப் போகும் வழியில் ஒன்பது மாலைகள் மருத்துவமனைக்கு வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மகனின் படுக்கையருகே அமர்ந்து ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸின் கதையைச் சொன்னார்.

புரூக்ஸ் என்றதும் எல்லோரும் 1980ஆம் ஆண்டு லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க இளைஞர்கள் சோவியத் அணியை 4-3 என வென்றதைத்தான் சொல்வார்கள். பெரியவர் 1960இல் தொடங்கினார். அவ்வாண்டு ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசியாக நீக்கப்பட்டவர் புரூக்ஸ். அவரில்லாத அந்த அணி தங்கம் வென்றதை வீட்டில் தந்தையோடு அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார். சரியான ஆளைத்தான் நீக்கியிருக்கிறார்கள் என்று தந்தை சொன்னாராம். பல நாள் பேசாமல் கிடந்த என் மகன் அதைக் கேட்டுத்தான் முதன்முதலாகச் சிரித்தான். ‘மறுபடி விளையாடுவாய்’ என்று நாங்கள் எத்தனை முறை சொல்லியும் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் அவன்.

பிறகு 1964, 1968 ஒலிம்பிக்குகளில் புரூக்ஸ் ஆடியும் பதக்கமின்றித் திரும்பியது, மினசோட்டா பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்து 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் கல்லூரிக் கோப்பையை வென்றது என மாலைக்கொரு பகுதியாகக் கதை நகர்ந்தது. 1979இல், ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்க அணி நார்வேயில் அந்நாட்டு அணியோடு 3-3 எனச் சமன் செய்ததற்காக, ஆட்டம் முடிந்த பின்னும் வீரர்களைத் தளத்தின் குறுக்கே திரும்பத் திரும்ப ஓடவிட்டார் புரூக்ஸ். அரங்கத்தார் விளக்குகளை அணைத்த பிறகும் விடவில்லை. அது கொடுமை என்றேன் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பெரியவரின் கவலை வேறு. வீட்டுக்குப் போக முடியாமல் சாவியோடு நின்றிருப்பானே அந்த நார்வேக்காரன், அவனை யார் நினைத்தார்கள் என்று கேட்டார்.

புரூக்ஸின் பிற்கால வாழ்க்கையைக் காத்திருப்பு அறையில் நானே படித்தேன். 1985இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சியாளர் பதவியை இழந்தவர், அடுத்த ஆண்டே செயின்ட் கிளவுட் என்ற சிறிய கல்லூரி அணிக்குப் பயிற்சியளிக்க வந்திருக்கிறார். 2002 ஒலிம்பிக்கில் அவருடைய அணி வெள்ளி வென்றது. மறு ஆண்டு ஆகஸ்டில் சாலையில் அவருக்கு நேர்ந்ததை மட்டும் மகனிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் மாலை, 1980 ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் சோவியத்திடம் 10-3 எனத் தோற்றதோடு கதையை நிறுத்திய பெரியவர், மீதியை அரங்கத்துக்கு வந்து கேட்டுக்கொள் என்று மகனிடம் சொல்லிவிட்டு எழுந்தார். முடிவு தெரிந்தும், எப்போது போகலாம் என்று அவன் தினமும் கேட்கிறான்.

ஐயா, இனிச் சனிக்கிழமை இரவுகளில் விளக்கணைத்துக் கதவைப் பூட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போங்கள்.