திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் பக்கத்திலேயே ஒரு டாக்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்திரை மாதம் வந்தால் கூவாகம் திருவிழாவும், அதையொட்டி விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டியும் நம் பத்திரிகைகளில் படங்களோடு இடம்பிடிக்கின்றன. மற்ற நாட்களில் அதே திருநங்கையருக்குக் காய்ச்சலோ கால் வீக்கமோ வந்தால் எந்த டாக்டரிடம் போகிறார்கள், அந்த டாக்டர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கடைத்தெருவில் 34 ஆண்டுகளாகக் கிளினிக் வைத்திருக்கும் சாதாரண எம்.பி.பி.எஸ். மருத்துவன் நான். என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்துதான் இந்தக் கடிதத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாத மாலையில், எல்லோரும் போகும் வரை வெளியே நின்றிருந்துவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே வந்த, முப்பது வயது மதிக்கத்தக்க திருநங்கை ஒருவர் தம் இடது காலைக் காட்டினார். கெண்டைச் சதை வீங்கிப் பளபளத்தது, தொட்டால் சுட்டது. டெல்டாவில் தொழில் செய்யும் டாக்டருக்குக் கால் வீக்கம் என்றதும் யானைக்கால்தான் முதலில் நினைவுக்கு வரும். நானும் அப்படியே நினைத்துச் சீட்டில் மருந்து எழுதத் தொடங்கிவிட்டேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எல்லா நோயாளிகளிடமும் கேட்கும் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. அவரை எப்படி அழைப்பது என்று தெரியாததால் பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளவே பார்த்தேன் என்பதுதான் உண்மை. ஊசி போட வந்த சிஸ்டர்தான், "அக்கா, மாத்திரை ஏதும் போடுறீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். கைப்பையிலிருந்து கருத்தடை மாத்திரை அட்டைகள் மூன்று மேசைக்கு வந்தன. ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை, ஆறு வருடமாக, ஜமாத்தில் (திருநங்கையர் கூடி வாழும் குழுவில்) மூத்தவர் ஒருவர் சொன்னபடி. காலில் இருந்தது யானைக்கால் அல்ல. ஆழ் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்துபோயிருந்தது. அந்த உறைவு நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அன்றிரவே பெரிய மருத்துவமனை ஒன்றுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று அங்கே முடிவு செய்வதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டதாம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

கருத்தடை மாத்திரையின் கதையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும். உடல் சீக்கிரம் பெண்மை அடையும் என்ற நம்பிக்கையில் மூன்று, நான்கு என்று விழுங்கும்போது, மாற்றம் அதற்கேற்ப வேகமாவதில்லை. கல்லீரலைத் தூண்டி ரத்தத்தை உறைய வைக்கும் ஆபத்துதான் கூடுகிறது, அதோடு புகைப்பழக்கமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதனால்தான் இன்றைய ஹார்மோன் சிகிச்சையில் எத்தினைல் எஸ்ட்ராடையாலை விலக்கிவிட்டு, உடலில் இயற்கையாகச் சுரப்பதை ஒத்த எஸ்ட்ராடையாலை மாத்திரையாகவோ தோலில் பூசும் ஜெல்லாகவோ தருகிறார்கள். இந்த ஒரு தகவலை அவரிடம் ஆறு வருடங்களுக்கு முன்பே ஒரு தெருமுனை டாக்டர் சொல்லியிருக்க முடியும். அதற்கு எந்த உயர்படிப்பும் தேவையில்லை.

"இது ஸ்பெஷலிஸ்ட் வேலை, எங்களுக்குத் தெரியாது" என்று என் சக மருத்துவர்கள் சொல்வதில் பாதிதான் நியாயம். ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குவதும் அறுவை சிகிச்சை செய்வதும் நிபுணர்களின் வேலைதான். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கென்றே தனிப் பிரிவுகள் இருப்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் தொடங்கிய சிகிச்சையைத் தொடர்வது, முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிப்பது ஆகிய எல்லாமே, தைராய்டு நோயாளிக்கும் சர்க்கரை நோயாளிக்கும் நாங்கள் தினமும் செய்துவரும் வேலைதான். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் போய், ஒரு நாள் கூலியை இழந்து, பொட்டாசியம் அளவைப் பார்த்துவிட்டு வா என்றால் எத்தனை பேர் போவார்கள்? முதல் இரண்டு தடவை போவார்கள். பிறகு மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்வார்கள்.

அந்தப் பொட்டாசியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்தத் திருநங்கையர் பலருக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுக்கப்படுகிறது. அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. நாற்பது வயதில் அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்து என்னைப் போன்ற ஒருவரிடம் வந்தால், கை பழக்கத்தில் டெல்மிசார்டான் எழுதிவிடுவோம்; அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பொட்டாசியம் நிறைந்த இளநீரையும் தினம் இரண்டு குடிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். மதுரையில் இருக்கும் நிபுணருக்கு நான் எழுதிய மாத்திரை தெரியாது. எனக்கு அவர் எழுதியது தெரியாது. நோயாளியோ, கேட்டால் திட்டுவார்களோ என்று இரண்டு பக்கமும் சொல்ல மாட்டார்.

பெண்ணாகப் பிறந்ததாகக் குறிக்கப்பட்டு, ஆணாக உணர்ந்து வாழும் திருநம்பியரின் நிலை இன்னும் மறைவானது, ஏனென்றால் அவர்களைப் பற்றிப் பேச்சே குறைவு. டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர் ஒருவர், உள்ளூரில் யாரும் ஊசி போட மறுத்ததால், கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தானே தொடையில் குத்திக்கொண்டு சீழ் கட்டி வந்தார். சீழை எடுத்துவிட்டு ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 16.2 இருந்தது. அவருடைய அடையாள அட்டையில் பெண் என்றிருந்ததால் லேப் அதை அபாய அளவு என்று நட்சத்திரம் போட்டு அனுப்பியிருந்தது. ஆண்களுக்கான அளவோடு ஒப்பிட்டால் அது இயல்பானதே. ஆனால் இந்த ஊசியால் ரத்தம் உண்மையாகவே அளவுக்கு மீறிக் கெட்டியாவதும் உண்டு என்பதால், தொடர்ந்து பார்க்காமல் விட்டுவிடவும் முடியாது. மாதவிடாய் நின்றுவிட்டதால் கரு உண்டாகாது என்று பொருளல்ல என்பதையும், கர்ப்பப்பை இருக்கும்வரை அதன் வாய்ப் பகுதிக்கான புற்றுநோய்ப் பரிசோதனை தேவை என்பதையும் யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். தாடி வைத்த ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்கள் வரிசையில் போய் நிற்பாரா என்பதையும் யோசிக்க வேண்டும்.

நிர்வாணம் (ஆணுறுப்பை அகற்றும் அறுவை) செய்துகொண்ட மூத்த திருநங்கையர் சிறுநீர் எரிச்சல் என்று வந்தால் ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிவிடுகிறோம். அறுவையின் தழும்பால் சிறுநீர்ப்பாதை சுருங்கியிருக்கிறதா, தாரை மெலிந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. விதைகளை அகற்றிய பிறகு ஹார்மோனையும் நிறுத்திவிட்டவர்களுக்கு எலும்பு தேய்ந்துபோகும் என்பதையும் முதுகுவலி மாத்திரையோடு மறந்துவிடுகிறோம்.

இன்னொரு வகை வருகையும் உண்டு. பெற்றோர் பிள்ளையைக் கையோடு இழுத்து வந்து, "டாக்டர், ஏதாவது ஊசி போட்டு இதை மாத்திவிடுங்க" என்பார்கள். கைராசி டாக்டர் என்று நம்பி வருகிறவர்களிடம் இப்படி ஓர் ஊசி கிடையாது என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். இப்போது சட்டமும் அந்தப் பக்கம் இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாக, இத்தகைய 'மாற்றும் சிகிச்சை' தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில், பிறப்பில் குறித்த பாலினத்திலிருந்து மாறுபட்டு உணர்வதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. நான் படித்த காலத்துப் பாடநூலில் வேறு மாதிரி எழுதியிருந்தது. அதை இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கும் டாக்டர்கள் எங்கள் சங்கக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

திருநர் உரிமைப் பாதுகாப்புக்கென 2019இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சை உள்ளிட்ட மருத்துவ வசதி, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தல், காப்பீடு ஆகியவற்றை அரசின் கடமையாகச் சொல்கிறது. 2008லேயே நலவாரியம் அமைத்த மாநிலத்துக்கு இது பெரிய காரியமல்ல. நான் கேட்பது சிறியது. நிபுணர் பிரிவிலிருந்து ஊருக்குத் திரும்பும் ஒவ்வொருவரிடமும், என்ன மருந்து, எவ்வளவு அளவு, அடுத்து எந்த மாதம் எந்தப் பரிசோதனை, எந்த அளவைத் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்று உள்ளூர் டாக்டருக்கு எழுதிய ஒரு பக்கச் சீட்டு இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறதல்லவா, அதோடு எஸ்ட்ராடையாலும் ஸ்பைரோனோலாக்டோனும் வர ஏற்பாடு செய்யலாம்.

டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கும் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் ஒரு வார்த்தை. முதல் தடவை போகும்போது, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், பழைய சீட்டுகள், அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கருத்தடை மாத்திரையாக இருந்தாலும் மறைக்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்க அடையாளச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நிபுணரிடம் அனுப்புவதாக இருந்தால், லெட்டர் பேடில் எழுதித் தரும்படி கேளுங்கள். முகம் சுளிக்கிற டாக்டரிடம் மாட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஊரில் இன்னொருவர் இருப்பார்.

என் கிளினிக்கில் டோக்கன் நோட்டில் ஆண், பெண் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று சிஸ்டர் கேட்டு எழுதுகிறார். மேலே சொன்ன ஒரு பக்கச் சீட்டுக்கு, அந்த ஆடி மாதத்து அக்காவையே பக்கத்தில் உட்கார வைத்து, மாதிரி ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். சுகாதாரத் துறை அலுவலர்களோ என் சக மருத்துவர்களோ தங்கள் மூலம் கேட்டால் உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப மருத்துவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனியே இணைத்துள்ளேன்.)